பூனைக்கும் ஒரு கொப்பி



2002 முதல் 2006 வரை ஆண்டுதோறும் நம் புத்தளம் மாவட்டத்து வீடுகளுக்குச் சுகாதார ஊழியர்கள் குளிசை கொண்டு வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். "இப்போதே விழுங்குங்கள்" என்று அவர்கள் சொன்னபோது முகம் சுளித்தவர்கள் உண்டு. "பிறகு குடிக்கிறேன்" என்று வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, அவர்கள் தலை மறைந்ததும் கோழிக்கூட்டுப் பக்கம் வீசியவர்களும் உண்டு. அது யானைக்கால் நோய்க்கான குளிசை. காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை, களுத்துறை, கொழும்பு, கம்பஹா, குருநாகல், புத்தளம் என எட்டு மாவட்டங்களில் அந்த நோய் நிலைகொண்டிருந்தபடியால் இந்த எட்டு மாவட்டத்தாருக்கும் அது கொடுக்கப்பட்டது.

பலன் 2016இல் கிடைத்தது. யானைக்கால் நோய் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இலங்கையில் இனி இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அந்த ஆண்டு சான்றளித்தது. 1947இல் தொடங்கப்பட்ட யானைக்கால் தடுப்பு இயக்கத்தார் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் பாடுபட்டுப் பெற்ற பெயர் அது. ஆனால் சான்றிதழின் வாசகத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நோய்க் கிருமி நாட்டில் அறவே இல்லை என்று அதில் சொல்லப்படவில்லை. பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்றுதான் சொல்லப்பட்டிருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் நம் வீட்டுப் பூனை சுருண்டு படுத்திருக்கிறது!

விளங்கச் சொல்கிறேன். யானைக்கால் நோயைத் தருவது நூல் போன்ற ஒரு புழு. நுளம்பு கடிக்கும்போது அதன் குஞ்சுகள் உடம்புக்குள் நுழைந்து, நிணநீர்க் குழாய்களில் தங்கி வளர்கின்றன. இலங்கையில் இந்தப் புழுவில் இரண்டு இனம் இருந்தன. ஒன்றின் பெயர் வுச்சரேரியா. இது மனிதரின் உடம்பில் மட்டுமே வாழும். ஆகவே, எல்லா மனிதரும் குளிசை விழுங்கினால் அதற்கு ஒதுங்க இடமில்லாமல் போய்விடும். எட்டு மாவட்டங்களில் கொடுத்த குளிசை வென்றது இந்த வுச்சரேரியாவைத்தான்.

மற்றதன் பெயர் புரூஜியா. குளம் குட்டைகளில் மிதக்கும் சல்வீனியா போன்ற நீர்த்தாவரங்களின் வேரில் ஒட்டிக்கொண்டு வளரும் ஒரு வகை நுளம்பு இதைப் பரப்புகிறது. அந்தக் காலத்தில் நீர்த்தாவரங்களை வாரி அகற்றினார்கள், மருந்தும் கொடுத்தார்கள். 1960களின் பிற்பகுதியோடு புரூஜியா இலங்கையைவிட்டுப் போய்விட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். பாடப்புத்தகங்களிலும் அதைப் பழங்கதையாகவே எழுதி வைத்தார்கள். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து அது மறுபடியும் மனித இரத்தத்தில் காணப்பட்டது. கம்பஹா மாவட்டத்தில் கண்டார்கள், நம் புத்தளம் மாவட்டத்திலும் கண்டார்கள். களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடத்து ஆய்வாளர்கள் இதைத் தொடர்ந்து தேடியவர்களில் முக்கியமானவர்கள். அவர்கள் மனிதரோடு நிற்காமல் வீட்டு நாய்களின் இரத்தத்தையும் பூனைகளின் இரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். அங்கேயும் புழுக் குஞ்சுகள் இருந்தன. பழைய புரூஜியா நள்ளிரவை ஒட்டித்தான் இரத்தத்தில் உலாவும். புதிதாகக் கண்டதோ பகலிலும் ஓரளவு உலாவுகிறது. மிருகங்களில் வாழப் பழகிய வேறொரு வகையாக இது இருக்கலாம் என்ற சந்தேகத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது யோசியுங்கள். ஊரிலுள்ள மனிதரெல்லாம் குளிசை விழுங்கினாலும் பூனை விழுங்குமா? அதன் வாயைத் திறந்து குளிசை போடப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கை முழுக்கக் கீறல்தான் மிஞ்சும்! மனிதரின் இரத்தத்தைச் சோதித்துக் கணக்கு வைக்க ஓர் இயக்கம் இருக்கிறது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் பண்ணைக் கோழிக்கும் கால்நடைத் திணைக்களத்தின் கவனம் இருக்கிறது. ஏனென்றால் அவற்றில் பால் உண்டு, இறைச்சி உண்டு, முட்டை உண்டு, பணம் உண்டு. பூனையில் என்ன உண்டு? எலி பிடிக்கும், மீன் தலை தின்னும், பிள்ளைகளின் பாயில் படுக்கும். அதற்குக் கணக்கு வைப்பவர் எவருமில்லை. நம் வீடுகளில் ஆக நெருக்கமாகப் பழகும் பிராணியும் அதுதான், ஆகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும் அதுதான்.

கரையோரத்தில் உப்புக் காற்றும் வறட்சியும்தானே, நீர்த்தாவரம் எங்கே என்று கற்பிட்டிப் பக்கத்துச் சகோதரிகள் கேட்கலாம். தென்னந்தோட்டங்களுக்குள் வெட்டிவிட்ட குழிகளைப் பாருங்கள். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறைக்கத் தோண்டி, இப்போது இறைக்காமல் விட்ட கிணறுகளைப் பாருங்கள். உள்ளே போனால் குளங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் இவை நிறையும். மேலே பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் ஏதாவது படர்ந்திருந்தால் அதை வாரிக் கரையில் போட்டுக் காயவிடுவது ஒரு வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் நான்கு இளைஞர்கள் முடிக்கக்கூடிய வேலை.

யானைக்கால் தடுப்பு இயக்கத்தார் இரவில் வீட்டுக் கதவைத் தட்டுவதன் காரணமும் இதுதான். பகலில் ஒளிந்திருக்கும் புழுவை இரவில்தான் பிடிக்கலாம். இரவு நேரத்தில் முன்பின் தெரியாதவர்கள் வந்தால் நம் பெண்கள் கதவைத் திறக்கத் தயங்குவது இயல்பு, அதைக் குறையாகச் சொல்லவில்லை. வாப்பாவோ நானாவோ முன்னால் நிற்க, அடையாள அட்டையைக் கேட்டுப் பார்த்துவிட்டு, விரல் நுனியில் ஒரு குத்துக்கு இடம் கொடுங்கள். சில துளி இரத்தம்தான். "எங்கள் வீட்டில் பூனை இருக்கிறது" என்றும் அவர்களிடம் சொல்லி வையுங்கள். அடிக்கடி குளிர் காய்ச்சல் வந்து, தொடை இடுக்கிலோ அக்குளிலோ நெறி கட்டி, கையோ காலோ வீங்கினால் தைலம் பூசிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். ஆரம்பத்தில் கண்டால் மருந்துக்கு அடங்கும் நோய் இது. முற்றிய பிறகு வீங்கிய கால் பழைய காலாக மாறுவதில்லை.

இந்தப் புழுவுக்கு ஓர் உறவுக்காரப் புழுவும் உண்டு. நாயின் தோலுக்கடியில் வாழ்வது. நுளம்பு அதை மனிதருக்குக் கொண்டுவந்து விட்டால், கண்ணிமையிலோ கன்னத்திலோ பிள்ளைகளின் விதைப்பையிலோ ஒரு சிறு கட்டி வரும். சில சமயம் அது இடம் மாறும். பார்த்தவர்கள் புற்றோ என்று பயந்து போவார்கள். சத்திரசிகிச்சை வைத்தியர் கட்டியை எடுத்துவிட்டால் தீர்ந்தது. இலங்கையில் இது அபூர்வமானதல்ல என்பதை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

"எங்கள் வீட்டில் நாயே வளர்ப்பதில்லையே!" என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. உண்மைதான். ஆனால் நம் ஊர்களில் நாயே இல்லையா? மீன் காயப்போடும் வாடியைச் சுற்றி எத்தனை? இறைச்சிக் கடைக்குப் பின்னால் எத்தனை? பெருநாள் அன்று உழ்ஹிய்யா கொடுத்த இடத்தில் எத்தனை? அவை எல்லாம் நம் கழிவைத் தின்று வளர்பவை. நம் சோற்றில் வளர்கின்றன, ஆனால் எவருடைய நாயும் இல்லை. தடுப்பூசி போடும் நாளில் சொந்த நாய் வைத்திருப்பவர் கயிற்றைப் பிடித்துக் கொண்டு போவார். இவற்றை யார் கொண்டு போவார்கள்? ஊசி போடும் குழு ஊருக்கு வரும் நாளை முன்கூட்டியே கேட்டறிந்து, பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்து, அந்த நாய்களுக்கு அன்றாடம் மீன் தலை போடும் வாடித் தொழிலாளரையே உதவிக்கு அழைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். நாய் அவருக்குத்தான் வாலாட்டும்.

விசர்நாய்க்கடி நோயில் 1973ஆம் ஆண்டு மட்டும் இலங்கையில் 377 பேர் இறந்தார்கள். நாய்களுக்கு ஊசி போடப் போட, கடிபட்டவர்களுக்கு ஊசி கிடைக்கக் கிடைக்க, அந்தத் தொகை அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியது. சிறிய தொகை என்று தோன்றுகிறதா? அந்த நோய் வெளிப்பட்ட பின் பிழைப்பது ஏறக்குறைய நடவாத காரியம். அந்த இருபது, முப்பது குடும்பங்களும் தண்ணீரைக் கண்டு நடுங்கிய ஒருவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கின்றன. காப்பாற்றும் மருந்தோ அரசாங்க வைத்தியசாலையில் இலவசம்!

விசர் என்றால் நாய் மட்டும்தான் என்று நம்மவர் நினைக்கிறார்கள். இந்த நினைப்புத்தான் பயமூட்டுகிறது. இலங்கையில் நாய்க்கு அடுத்தபடியாகக் கணக்கில் வரும் வீட்டுப் பிராணி பூனை. இரவில் அது எங்கே போகிறது, எந்த மரநாயோடு, எந்தக் கீரியோடு, எந்தத் தெருநாயோடு சண்டை பிடிக்கிறது என்பது நமக்குத் தெரியாது. விடியலில் வந்து பிள்ளையின் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். சாதுவாக இருந்த பூனை காரணமில்லாமல் பாய்ந்து கடித்தால், இருட்டில் போய் ஒளிந்துகொண்டால், குரல் மாறிக் கத்தினால், எச்சில் வடிந்தால், நடை தள்ளாடினால் அதை விட்டு விலகி நில்லுங்கள். "பூனைக் கீறல்தானே" என்று மஞ்சளைத் தடவிவிட்டு அடுப்படிக்குத் திரும்பும் உம்மாமாரிடம் ஒன்று சொல்ல வேண்டும். பூனை பாதத்தை நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி, ஆகவே நகத்திலும் எச்சில் இருக்கும்.

கடித்தாலும் கீறினாலும் முதல் வைத்தியம் வீட்டிலேயே இருக்கிறது. சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். பதினைந்து நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளமான நேரம். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள். சவர்க்காரம் அந்த வைரசின் மேலுறையைச் சிதைத்துவிடும் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள். பிறகு வைத்தியசாலை. சுண்ணாம்பு, கோப்பித்தூள், மிளகாய், சாம்பல் எதையும் அப்ப வேண்டாம்.

இந்த இடத்தில் நம் வீடுகளுக்கே உரிய ஒரு விடயத்தையும் சொல்லிவிடுகிறேன். நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு தடவை கழுவுவதும் அதில் ஒரு தடவை மண் சேர்ப்பதும் நாம் சிறுவயதிலிருந்தே அறிந்த சட்டம். அதை நினைவில் வைத்துக்கொண்டு, நாய் கடித்த புண்ணுக்குள்ளும் மண்ணைத் திணிப்பவர்கள் சில இடங்களில் இருக்கிறார்கள். துப்புரவுச் சட்டம் வேறு, புண்ணுக்குச் செய்யும் சிகிச்சை வேறு. திறந்த புண்ணில் மண் போனால் ஏற்புவலி வர வழியாகும். காயத்தை முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். துப்புரவு பற்றிய கேள்வியை உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். உயிர்காக்கும் சிகிச்சைக்குக் குறுக்கே அவர் நிற்கமாட்டார்.

கடித்த பூனையையோ நாயையோ அடித்துக் கொன்று உடனே புதைத்துவிடுவது நம்மவர் வழக்கம். கோபம் தீரும், ஆனால் தகவலும் சேர்ந்து புதைந்துவிடும். பிராணி சுகமாக இருந்தால் கூட்டிலடைத்து இரண்டு வாரம் பார்க்கச் சொல்வார்கள். அதன் எச்சிலில் விசர்க் கிருமி இருந்திருந்தால் அதற்குள் நோய் வெளிப்பட்டு இறந்துவிடும். ஆனால் உங்களுக்கு ஊசி வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பவர் வைத்தியர். பூனையின் முடிவைக் காத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது. பிராணி இறந்துபோனால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ கால்நடை வைத்தியருக்கோ அறிவியுங்கள். தலையை எடுத்து, ஐஸ் வைத்துப் பொதி செய்து, கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்ப அவர்கள் வழி சொல்வார்கள். மூளையைச் சோதித்துத்தான் விசர் உண்டா என்று உறுதி செய்கிறார்கள். அதனால் தலையில் அடித்து நொறுக்கக் கூடாது. வீட்டில் எவரும் வெறுங்கையால் அறுக்கவும் கூடாது. புத்தளத்திலிருந்து போன ஒரு பூனைத் தலையில் விசர் உறுதியானால், அந்தக் கிராமத்தில் அதே பூனை வேறு யாரையெல்லாம் கீறியது என்று தேடிப் போவார்கள். ஒரு தலை பல பிள்ளைகளைக் காப்பாற்றக்கூடும்.

விசருக்கு ஊசி கண்டவர் பிரான்சு நாட்டு லூயி பாஸ்ச்சர். 1885 ஜூலையில் நாய் கடித்த ஒரு சிறுவனுக்கு முதன்முதலில் போட்டார். அவர் பெயரையே ஒரு கிருமிக்கும் வைத்திருக்கிறார்கள், பாஸ்ச்சுரெல்லா. அது வசிக்குமிடம் எதுவென்று நினைக்கிறீர்கள்? பூனையின் வாய்! பூனைப் பல் ஊசி போல் மெல்லியது. மேலே சிறு புள்ளிதான் தெரியும், உள்ளே ஆழமாக இறங்கியிருக்கும். மாலையில் கடித்தால் மறுநாள் காலையில் கை வீங்கிச் சிவந்து நோகும். இங்கேதான் நம் அலுமாரி கதைக்குள் வருகிறது.

எந்த வீட்டு அலுமாரியைத் திறந்தாலும் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். அதற்குள் முழுதாகக் குடிக்காமல் விட்ட கெப்சூல்கள். மூத்தவனுக்குத் தொண்டை நோவு வந்தபோது ஐந்து நாளைக்குக் கொடுத்தார்கள், இரண்டாம் நாளே சுகம், மிச்சம் டின்னுக்குள். கை வீங்கினால் அதிலிருந்து இரண்டு. பூனைக்கு மூக்கு வடிந்தால் அதிலிருந்து கால்வாசியைப் பாலில் கரைத்து. கோழி தூங்கி விழுந்தால் மிச்சத்தைத் தீனியில். சிக்கனமான மனைவி என்று மாமியார் மெச்சுவார்!

அந்தக் கால் கெப்சூல் என்ன செய்கிறது? பூனையின் சளி பெரும்பாலும் வைரசால் வருவது. அன்டிபயோட்டிக் மருந்து வைரசைத் தொடாது. ஆனால் பூனையின் வாயிலும் குடலிலும் கோடிக்கணக்கில் இருக்கும் பக்டீரியாக்களைத் தொடும். நலிந்தவை சாகும், அந்த அற்ப மருந்தைத் தாங்கிய வலியவை பிழைக்கும். இடம் காலியானதும் அவை பெருகும். அடுத்த முறை அதே மருந்தை முழு அளவில் கொடுத்தாலும் அசையாது. அதோடு நிற்குமா என்றால், எதிர்க்கும் வித்தையை ஒரு பக்டீரியா இன்னொன்றுக்குக் கைமாற்றிக் கொடுக்கவும் கூடியது. பென்சிலினைக் கண்ட அலெக்சாண்டர் பிளெமிங் 1945 டிசம்பரில் நோபல் பரிசு பெற்றுப் பேசும்போதே, குறைந்த அளவில் மருந்தை உட்கொள்பவர் கிருமிக்குப் பாடம் கற்றுக் கொடுக்கிறார் என்ற கருத்தில் எச்சரித்தார். மருந்து கடைகளுக்குப் பரவலாக வந்து சேர்வதற்குள்ளேயே சொன்ன எச்சரிக்கை அது. 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு மசியாத பக்டீரியாக்களால் நேரடியாக இறந்தவர்கள் உலகெங்கும் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

இதில் பூனையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. பெனிசிலின் குடும்பத்து மருந்துகளுக்கு அசையாத ஒரு தோல் கிருமி, வைத்தியசாலையிலிருந்து திரும்பியவரின் உடம்பில் வீட்டுக்கு வந்து, அங்கே நாய்க்கும் பூனைக்கும் தொற்றி, அவை மறுபடி வீட்டாருக்கே கொடுப்பதைப் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். வீட்டில் சத்திரசிகிச்சைப் புண்ணோ நீரிழிவுப் புண்ணோ உள்ளவர் இருந்தால், புண் ஆறும்வரை பூனையை அவர் படுக்கையில் ஏறவிடாதீர்கள். பூனைக்காகவும்தான் சொல்கிறேன்.

நம் மாவட்டத்துக்கு இந்தப் பாடம் புதிதும் அல்ல. முந்தல், உடப்பு, சிலாபம் என்று கரையோரம் முழுக்க இறால் பண்ணைகள் பணம் கொழித்த காலம் ஒன்று இருந்தது. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தது. ஒரு பண்ணையின் கழிவுநீர் ஒல்லாந்தர் வெட்டிய கால்வாயில் போய் விழ, அதே கால்வாய்த் தண்ணீரை அடுத்த பண்ணை இறைக்க, நோய் தொட்டி தொட்டியாகப் போனது. அதுவும் வைரஸ். அன்டிபயோட்டிக் மருந்தை மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. எத்தனை குடும்பங்கள் நகையை அடகு வைத்த காலம் அது! என்ன கிருமி என்று தெரியாமல் மருந்தைத் தேடுவது எவ்வளவு வீண் என்பதைப் புத்தளத்தாருக்கு வெளியூர்க்காரர் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

அரசாங்கத்திலும் இதை உணர்ந்திருக்கிறார்கள். 2017இலிருந்து 2022 வரைக்கான தேசியத் திட்டம் ஒன்றை வகுத்தபோது மனிதர் மருந்தை மட்டும் பேசாமல் கால்நடை, மீன்வளர்ப்பு, சுற்றாடல் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதினார்கள். வைத்தியரின் சீட்டில்லாமல் அன்டிபயோட்டிக் விற்கக் கூடாது என்பதும் நாட்டின் விதி. ஆனால் எந்தத் திட்டமும் நம் பிஸ்கட் டின்னைத் திறந்து பார்க்கப் போவதில்லை. அதை நாம்தான் திறக்க வேண்டும். மிச்சக் கெப்சூல்களைப் பூனைக்கும் கொடுக்காமல், மலசலகூடத்திலும் கொட்டாமல், அடுத்த முறை வைத்தியசாலைக்குப் போகும்போது கொண்டுபோய் என்ன செய்வதென்று கேளுங்கள். ஆறாத புண் இருந்தால், மருந்தை மாற்றிக் கேட்பதற்கு முன், சீழை எடுத்து வளர்த்துப் பார்த்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று சோதிக்க முடியுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். மிருக வைத்தியரிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம், தவறில்லை.

போகிற போக்கில் ஓர் எச்சரிக்கை. காய்ச்சலடிக்கும் பூனைக்குப் பனடோல் கொடுக்கவே கொடுக்காதீர்கள். நமக்குச் சாதாரணமான அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை. ஒரு குளிசையே அதைக் கொன்றுவிடும்.

பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் பூனையை விரட்டிவிட வேண்டுமா என்ற கேள்வியும் அடிக்கடி வருவது. பூனையின் மலத்தில் வரக்கூடிய ஒரு நுண்ணுயிர் கருவிலிருக்கும் குழந்தையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம் என்பது உண்மை. ஆனால் அந்த மலம் கழித்த உடனே தொற்றாது. ஒரு நாளாவது கழிந்த பின்புதான் தொற்றும் நிலைக்கு வரும். ஆகவே வேறு ஒருவர் தினமும் அள்ளிப் புதைத்துவிட்டால் பூனை அதன்பாட்டில் இருக்கலாம். அரைவேக்காட்டு இறைச்சியும், கழுவாத கீரையும், மண் அளைந்த கையும் இந்த விடயத்தில் பூனையைவிடக் கூடிய ஆபத்து. பெருநாள் இறைச்சியை வெட்டும் பிள்ளைத்தாய்ச்சிகள் இதைக் கவனிக்க வேண்டும். உழ்ஹிய்யா ஆட்டின் ஈரலிலோ மாட்டின் நுரையீரலிலோ நீர்க்கட்டி தென்பட்டால் அதை நாய்க்கு எறியாமல் ஆழமாகப் புதைக்கச் சொல்லுங்கள். நாயின் குடலில் வளரும் ஒரு நாடாப்புழுவின் வித்து அதற்குள் இருக்கலாம்.

இனி, கொப்பிக்கு வருவோம். பிள்ளைகளின் பழைய பாடசாலைக் கொப்பி ஒன்றில் மிச்சமுள்ள தாள்கள் போதும். ஒரு நூலில் பேனையையும் கட்டி அடுக்களைச் சுவரில் தொங்கவிடுங்கள். பூனைக்கு விசர் ஊசி போட்ட திகதி. (கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள், பூனைக்கும் போடலாம்.) யாரை எப்போது கடித்தது, கீறியது. எப்போது சாப்பாட்டை விட்டது, எத்தனை நாள். என்ன மருந்து, யார் சொல்லி, எத்தனை நாள் கொடுத்தீர்கள். பிள்ளையின் தலையில் வட்டமாக முடி கொட்டிப் படர்தாமரை வந்த அதே கிழமை பூனைக்குட்டியின் காதோரம் முடி கொட்டியிருந்ததா என்பதையும் எழுதுங்கள், அது குட்டியிடமிருந்து வந்திருக்கலாம். பிள்ளையைக் காட்டும் வைத்தியரிடம் "வீட்டில் பூனை உண்டு" என்று நீங்களாகவே சொல்லுங்கள். சனம் நிறைந்த கிளினிக்கில் அவராகக் கேட்க நேரம் இருக்காது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை இருக்கும் வீட்டில் இந்த வேலையை அவளிடம் ஒப்படைத்துவிடுங்கள். உங்களைவிடவும் என்னைவிடவும் ஒழுங்காக எழுதுவாள், பூனைக்குப் பெயர் வைத்தவளும் அவளாகத்தான் இருப்பாள்.

கூடு வைத்துக் கோழி வளர்க்கும் சகோதரிகள் கேட்டிருந்த தீனி மருந்து விடயம் இதிலேயே பாதி வந்துவிட்டது. மீதியை அடுத்த இதழில் பார்ப்போம்.